மிசூன்

என் மகள்மார் இருவரும் சின்ன வயதிலேயே தங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். பாயில் படுத்துக்கொண்டு அதில் என்னைப் பற்றியும் கதைப்பார்கள். ஆம்பிளைக்கு அதில் ‘மிசூன்’ என்று பெயர். யாராவது கேற்றில் தட்டினால் எழுந்து போகிற ஆள் என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அப்படி எழுந்து போனவர் அவர்களுடைய வாப்பா ஒருவர்தான்.

அவர் திடீரென்று மௌத்தானார். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் நான் இருந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் போகமுடியாது. உள்ளறையில் ஓதிக்கொண்டிருப்பேன், அல்லது ஓதுவதாக நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மீன்காரர் வந்தாலும் லைட் பில் கொடுக்கிறவர் வந்தாலும் மூத்தவள் போனாள். நான் சொல்லவில்லை. கேற்றைத் திறக்காமல், குரலைத் தடிப்பாக்கி, “ஆரு?” என்பாள்.

ஒருநாள் மீன்காரர், “தம்பி, நல்ல பாரை இருக்கு, உம்மாட்ட கேளுங்க” என்றார். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேனே என்று அழுதேன்.

பிறகுதான் கவனித்தேன், மூத்தவள் மதுரங்குளிக்கு டியூசனுக்குப் போவதே இல்லை. ஓ.எல். சோதனையோ நெருங்கியிருந்தது.

“ஏன் மகள் கிளாசுக்குப் போறல்ல?”

சின்னவள்தான் அக்காவுக்காகப் பதில் சொன்னாள். “ராத்தாதானே, உம்மா, இப்ப மிசூன். ஊட்ட உட்டுட்டு எப்படிப் போற?”

“வாப்பா வேலைக்குப் போகல்லயா?”

“வாப்பா பின்னேரம் வந்துடுவார்ன்டு தட்டுறவனுக்குத் தெரியும்,” என்றாள் மூத்தவள். “இப்ப இல்லன்டு ஊருக்கே தெரியும்.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் அவள் வீட்டிலேயே நிற்பது என் கண்ணில் படாமல் போனதோ என்னவோ.

அடுத்த கிளாஸ் நாளில் காலையிலேயே யாரோ தட்டினார்கள். அவள் எழும்பினாள். நான் முந்திக்கொண்டு வாசல் திரைக்குப் பின்னால் நின்று, என் சொந்தக் குரலில் “ஆரு?” என்று கேட்டேன். பிறகு மீன்காரர் மெதுவாக, “நான்தான் ராத்தா. மீன் தேவையா?” என்றார்.

“இன்டைக்கு வேணாம்.”

மூத்தவளுக்குக் கோபம். “இத்தால இருந்துக்கிட்டு ஆம்பிளையோட கதைக்கலாமா?”

“தேவைக்குக் கதைக்கலாம் மகள். நீங்க உடுப்ப மாத்துங்க. பஸ் போயிடும்.”

அவள் உடுப்பை மாற்றினாள். பிறகு பஸ்ஸுக்குப் போனாள். கேற்றுக் கொளுக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சின்னவளைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். அவள் திரும்புகிற பின்னேர பஸ் வரும்வரைக்கும், யாரும் தட்டிவிடக் கூடாதே என்று துஆச் செய்துகொண்டிருந்தேன்.