நகப்பூச்சில் எழுதிய தேதிகள்

அம்மா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நேற்று கடலோரப் பாதையில், செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் வரை நடந்தேன். இரண்டே கால் கிலோமீட்டர். இருபத்தாறு வருடம் அம்மா தினமும் நடந்த தூரம்.

அவள் நகராட்சியின் பாதைக் காவலாளி. பெருக்குவாள், கைப்பிடிக் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பாள். பாறையில் விரிசல் கண்டால், உடைந்த முகக்கண்ணாடியிலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டி அதன் குறுக்கே சிமெண்டால் ஒட்டுவாள். பாறை நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒட்டிய தேதியைச் சிவப்பு நகப்பூச்சில் எழுதுவாள். அவள் விரலில் நகப்பூச்சை நான் பார்த்ததே இல்லை.

நான் கட்டுமானப் பொறியாளர். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருந்த விரிசலில் சென்ற வருடம், அது அகல்வதைக் காட்டும் அளவுமானி பொருத்தினேன்.

"இனிமே கண்ணாடி வேண்டாம்மா."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. சோறா கேக்குது?"

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கண்ணாடி உடைந்திருந்தது. என் மானியில் அசைவே இல்லை. அம்மா பாதையின் நுழைவு கேட்டைப் பூட்டி, குறுக்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே விளக்கத்தைப் பார்க்க வந்த கூட்டம். மேற்பார்வையாளர் வந்தார்.

"ஏம்மா, உங்க பொண்ணு வச்ச மீட்டரே ஒண்ணுமில்லங்குது. ஒடஞ்ச கண்ணாடிய நம்பி இத்தனை பேர நிறுத்தி வச்சிருக்கீங்க. வேலை போயிடும், பாத்துக்கங்க."

"மீட்டரும் எம்பொண்ணு மாதிரிதான் சார், லேசுல வாயத் திறக்காது. வேலைய எடுத்துக்கங்க. சாவிய மட்டும் தர மாட்டேன்."

நானும் போனில், "திறந்து விடும்மா, மானத்த வாங்காதே" என்றேன். வைத்துவிட்டாள்.

ஞாயிறு பிற்பகல் பதினான்கு மீட்டர் பாதை கடலுக்குள் சரிந்தது. அதில் யாரும் இல்லை.

பிழை என்னுடையது. பழைய சிமெண்ட் பூச்சுக்குள் இன்னொரு விரிசல் ஒளிந்திருந்தது; பாறை பிரிந்தது அங்கேதான். என் மானியின் இரண்டு கால்களும் சரிந்த பக்கத்திலேயே இருந்தன. பாறையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்திருக்கிறது. அம்மா கண்ணாடியைப் பூச்சையும் தாண்டி, பாறை வரை ஒட்டியிருந்தாள். அதைப் பூசியவர்களின் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

அன்றிரவு திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டை முன்னால் வைத்தாள்.

"அடுத்த தடவ கொஞ்சம் உள்ள தள்ளி வை."

அவ்வளவுதான். அதன்பின் யாரும் அவளிடம் சாவி கேட்கவில்லை.

நேற்று, உள்ளே தள்ளிப் போட்ட புதுப் பாதையில் முடி அளவு விரிசல் ஒன்று கண்டேன். மானியைப் பொருத்தினேன். பக்கத்திலேயே, அம்மாவின் வேலைப் பையிலிருந்த கண்ணாடியும் ஒட்டினேன். அவளுடைய நகப்பூச்சு பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தேதி கோணலாக விழுந்தது. அம்மா எழுதியவை நேராக இருக்கும்.