கம்பியின் மறுமுனை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை நுரை வெட்டியது. சனிக்கிழமை காலை, ஆத்லோனில், கனீஃப் சாலீயின் கார் கொட்டகை. பெஞ்சின் மேல் நீல நுரைக் கட்டை. அதன் இரு முனைகளிலும் இறக்கையின் வடிவத்தில் அறுத்த பலகை அச்சுகள், அவற்றின் விளிம்பில் பென்சில் எண்கள். சூடேறிய கம்பியின் ஒரு முனை கனீஃபின் கையில், மறுமுனை ஷமீலாவின் கையில். அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லுவார். சொல்லும்போது இருவர் முனையும் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். ஒருவர் முந்தினால் கம்பி வளையும். நடுவில் நுரை உருகிப் பள்ளம் விழும்.

ஷமீலா முந்தினாள். காற்றாலைக் கோபுரங்களுக்குக் கணக்குப் போடுகிற பொறியாளர் அவள். கம்பி போக வேண்டிய வேகத்தை வரும் வழியிலேயே மனக்கணக்காகப் போட்டு வைத்திருந்தாள். அப்பாவின் குரல் அந்தக் கணக்கைவிட மெதுவாக வந்தது.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே போறியே, பஸ்ஸு புடிக்கணுமா?" என்றார்.

வெட்டி முடித்ததும் உள்ளங்கையால் நுரையைத் தடவிப் பார்த்தார். நல்லாத்தான் வந்திருக்கு என்று சொல்லி, கூரைச் சட்டத்தின் மேல் பத்திரமாக ஏற்றி வைத்தார். அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இறக்கை அல்ல. அந்த மறுமுனை எப்போதும் ரீத்வானுடையது. அந்த வாரம் அவன் வேலையாக சல்தானா துறைமுகத்துக்குப் போயிருந்தான்.

ரீத்வான் ஷமீலாவின் முன்னாள் கணவன்.

தலாக் ஆனபின் அவன் அவள் வாழ்க்கையை விட்டுப் போனான். அவளுடைய அப்பாவின் கொட்டகையை மட்டும் விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்தான். முறைப்படி அவன் இனி கனீஃபை, தெருவில் எல்லோரும் கூப்பிடுவது போல, அண்ணன் என்று பொருள்படும் 'பூட்டா' என்று அழைத்திருக்க வேண்டும். அவனோ மகன்கள் சொல்கிற 'போயா'வை விடவில்லை. ஷமீலா ஒருமுறை அப்பாவிடம் இதைக் கேட்டே விட்டாள்.

"தலாக் உனக்குத்தானே ஆச்சு. எனக்கு யாரும் குடுக்கலையே" என்றார் அவர்.

கனீஃப் அப்படிப்பட்ட மனிதர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, படகுப் பட்டறையில் தரை கூட்டப் போனவர். அங்கேயே துணியில் ரெசின் தோய்த்து அடுக்கும் வேலைக்கு உயர்ந்தார். உலகத்துப் பணக்காரர்களுக்கெல்லாம் படகு கட்டினார். தண்ணீரில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார். அவர் வேலை உடுப்புகளில் ஒட்டிவரும் கண்ணாடி இழை உடம்பெல்லாம் அரிக்கும் என்று ஷமீலாவின் அம்மா அவற்றுக்குத் தனி வாளி வைத்திருந்தாள். அவருடைய பழைய காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. மாதம் ஒருமுறை கில்லார்னி பந்தயத் தடத்தில், மிக மெதுவான பிரிவில், அவர் அந்தச் சக்களத்தியை விரட்டுவார்.

வேகமான வளைவுகளில் அதன் பின்பக்கம் வழுக்கும். அதற்குத்தான் இறக்கை. விமானத்தின் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டது போல, தூக்காது, அழுத்தும். முதல் இறக்கையை ஒட்டுப்பலகையில் செய்தார். அது நேர்பாதையில் கழன்று பறந்தது. கொடி ஆட்டுகிற பையன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "பூட்டா, கோழி தப்பிச்சுட்டுது" என்று கொடுத்தான். இரண்டாவது அலுமினியத் தகடு, வளைந்தது. மூன்றாவதைக் கார்பன் துணியில் செய்வது என்று முடிவானது. பட்டறை மேற்பார்வையாளர் மிச்சத் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

நுரை வெட்டியதற்கு அடுத்த வியாழக்கிழமை பட்டறையில், பாதி கட்டிய படகின் நிழலில் உட்கார்ந்த கனீஃப் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே அடக்கம். பெண்கள் வீட்டில் இருந்தார்கள், ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கனீஃபுக்கு மகன் இல்லை. குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்தது ரீத்வான் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். முழங்கால் வரை மண்ணோடு அவன் வந்து முற்றத்தில் நின்றான். அந்த மண்ணையே ஷமீலா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதது துக்கத்தால் என்றுதான் பக்கத்துப் பெண்கள் நினைத்தார்கள். அவள் வயிறு எரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஏழு நாள் துஆ முடிந்தபின் கொட்டகையைத் திறந்தாள். சட்டத்தின் மேல் அவள் வெட்டிய துண்டு இருந்தது, பழைய போர்வையால் சுற்றி. பெஞ்சின் மேல் இன்னொரு துண்டு. அதே அச்சு, அதே அளவு. எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தாள். ஒரு கீற்று ஒளிகூட நுழையவில்லை. பிறகு தன் துண்டை இறக்கி அதே போல் வைத்தாள். நடுவில் பிறைநிலா போல வெளிச்சம் தெரிந்தது.

நுரை பொய் சொல்லாது. கம்பியின் இரு முனையிலும் நின்றவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை அது அப்படியே எழுதி வைக்கும். அப்பாவும் அவளும் பள்ளம். அப்பாவும் ரீத்வானும் கண்ணாடி. அவள் போனதும் அவர் அவனை வரவழைத்து மறுபடி வெட்டியிருக்கிறார். அந்தப் பள்ளத்தை பட்டி பூசித் தேய்த்தால் கில்லார்னியில் எந்த வித்தியாசமும் தெரியாது என்று அவளுடைய படிப்பு சொன்னது. படிப்பு சொன்னால் வயிறு கேட்குமா? கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள்.

ஆண்டின் கடைசி ஓட்டத்தில் கனீஃபின் கார் புது இறக்கையோடு ஒரு சுற்று வரட்டும் என்று பந்தயக் கழகத்தார் கேட்டிருந்தார்கள். ரீத்வான் வந்தான். தோளில் பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர். ரெசின் தோய்ந்த துணியை நுரையோடு இறுக்க, இரண்டையும் மூடும் பிளாஸ்டிக் பையிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் அதுதான்.

அவனைக் கண்டதும் ஷமீலா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுக்கு அவன் இப்போது அந்நிய ஆண். அவள் அம்மா உம்மி, கணவன் இறந்தால் இருக்கும் இத்தாவில் இருந்தாள், தெருவாசல் தாண்டக் கூடாது, வேற்று ஆண்கள் முன்னால் வரக் கூடாது. ஆனால் வெறுந்தலையோடு சமையலறைக் கதவில் நின்று, சாப்பிட்டியா என்று அவனைக் கேட்டாள். மகளின் கல்யாணம் முறிந்தாலும் மாமியாருக்கு மருமகன் சாகும்வரை மருமகன்தான். மார்க்கமே அப்படித்தான் சொல்கிறது. அப்பா, அம்மா, மார்க்கம் எல்லாம் அவன் பக்கம். தான் ஒருத்திதான் அவனை விட்டவள் என்று தோன்றியது ஷமீலாவுக்கு.

பூட்டைத் திறந்தாள். தன் துண்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"கார்பன் துணிக்கு உள்ள இதுதான் போகும். இல்லன்னா றெக்கையே கெடையாது."

ரீத்வான் விரலால் தடவினான். "இது நடுவுல குழிஞ்சிருக்கே, ஷமீலா."

"தெரியும். நீங்க ரெண்டு பேரும் வெட்டின மாதிரி வருமா?"

"எந்த ரெண்டு பேரு?"

அவள் மற்றத் துண்டைக் காட்டினாள். அவன் அளவுகோலை வைத்துப் பார்த்தான், திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நான் சல்தானாவுல இருந்தேன். திரும்பி வந்ததே போயா மய்யத்துக்குத்தான். நான் இல்லாத வாரம் உன்னக் கூப்பிட்டு வெட்டினார்னு கேள்விப்பட்டேன். நீ எப்படி வெட்டியிருப்பியோன்னு அன்னையிலேருந்து வயிறு காந்திட்டு கெடக்குது எனக்கு."

"உனக்கா?"

"பின்ன? நீ மகள். எனக்கு என்ன இருக்கு, சனிக்கிழமையத் தவிர?"

இருவரும் அந்த வழுவழுப்பான துண்டைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்றாவதாக யாரோ ஒருவன் இருக்கிறான் என்றால், அவனை இருவரும் சேர்ந்து வெறுக்கத் தயாராக இருந்தார்கள்.

"நான்தான் புடிச்சேன்" என்றாள் உம்மி, கதவிலிருந்து.

அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்து இருவரும் பார்த்ததில்லை. உம்மி சாதாரணமாகச் சொன்னாள். திங்கட்கிழமை வேலை விட்டு வந்தவர், ஒரு முனையைப் பிடி என்று கெஞ்சினாராம். அடுப்பில் சட்டி இருக்கிறது, சக்களத்திக்கு நகை செய்ய நானா கிடைத்தேன் என்று இவள் திட்டினாளாம். எண்ணெல்லாம் தெரியாது என்றதற்கு, எண்ணவே வேண்டாம், திட்டிக்கொண்டே மெதுவாக வா என்றாராம். அப்படித்தான் வெட்டினார்கள்.

"என்னோடதை ஏன் மேல வச்சாராம்?" என்று கேட்டாள் ஷமீலா. குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

"போர்த்தி வைன்னார். ரீத்வான் பாத்தா சிரிப்பான், புள்ள மனசு கஷ்டப்படும்னார்."

ரீத்வான் தலை குனிந்துகொண்டான். சிரிக்கவில்லை.

ஷமீலாவின் பொறாமை போய்விடவில்லை, இடம்தான் மாறியது. வாழ்நாளெல்லாம் திட்டித் திட்டியே ஒருவரோடு ஒத்த வேகத்துக்கு வந்த ஒருத்தியைப் பார்த்து இப்போது எரிந்தது. பக்கத்தில் நிற்பவனும் அதே பார்வைதான் பார்த்தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தன் துண்டை அவளே எடுத்துக் கீழே வைத்தாள். உம்மியின் துண்டைப் பெஞ்சின் நடுவில் கிடத்தினாள்.

கலந்த ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. அவன் கார்பன் துணியை விரித்தான், அவள் தோய்த்து உருட்டினாள். ஓரங்களில் எந்தப் பக்கம் முதலில் மடிப்பது என்பதற்குத் தவிர எதற்கும் சண்டை வரவில்லை. பையை மூடி கம்ப்ரஸரைப் போட்டதும் துணி நுரையோடு இறுகிச் சுருங்கியது. உம்மி உள்ளே வந்து, ஓரமாகக் கிடந்த பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். இது சக்களத்தி மேல் ஏறி ஓடும்போது அவள் பார்க்க முடியாது; இத்தா முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன.

"சும்மாவா புடிச்சேன்?" என்றாள் உம்மி. "வியாழக்கிழமை வேலை விட்டதும் கால்க் பே துறைமுகத்துக்குப் போய் ஸ்நூக் மீன் வாங்கிட்டு வர்றேன்னார். முழு மீன், தலையோட. காலையில படியெறங்கும்போது மறுபடி சொன்னேன், மறந்துடாதீங்கன்னு. கையத் தூக்கிக் காட்டிட்டுப் போனார்."

அன்று அவள் புளியைக்கூட ஊறப் போட்டிருந்தாள். மீன் வரவில்லை.