கறை போன நாற்பது முட்டைகள்

முற்பகல் 11.20. அவிநாசி பேருந்து நிலையக் குழாயடியில்தான் காரியம் கெட்டது. அதுவரை பயணம் நன்றாகவே போனது.

ஆறு நாளுக்கு முன் என் மகள் ஜெபா பள்ளியில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு, தினம் இரண்டு முட்டை கொடுங்கள் என்றார் டாக்டர். கடை முட்டை அவளுக்குக் குமட்டும். ஆகவே நாட்டு முட்டைக்காகச் சேவூர் கிளம்பினேன். அது 2008, மின்வெட்டுக் காலம். திருப்பூர் நல்லூரில் எங்கள் வாடகை வீட்டில் பிரிட்ஜும் கிடையாது.

காலை 8.10க்குப் பஸ் ஏறினேன். திருப்பூரிலிருந்து அவிநாசி பதினான்கு கிலோமீட்டர், அங்கிருந்து சேவூர் எட்டு. 9.50க்குச் சரஸ்வதி அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் முன்பு தைத்தவர். இப்போது தோட்டமும் பதினெட்டுக் கோழிகளும்.

ராகிப் பானைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் கூர்முனை கீழே பார்க்க, ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

"ஊட்டுல தின்னது போக மிச்சமுங்க. நீங்களும் இப்படியே வெச்சா மூணு வாரம் கெடாதுங்க."

நாற்பது வாங்கினேன். ஒன்று நான்கு ரூபாய்.

நான் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன். பத்தொன்பது வருடம் துணியில் கறை தேடிய கண். அவிநாசியில் பையைத் திறந்தால் எச்சம், மண், ஒட்டிய இறகு. இப்படி ஒரு பீஸ் என் மேசையைத் தாண்டியதில்லை. நாற்பதையும் தேய்த்துக் கழுவித் துடைத்தேன்.

11.45, திருப்பூர் பஸ். பக்கத்து இருக்கைக்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கழுவீட்டீங்களா?"

"ஆமா, ஒரே அழுக்கு."

"போச்சு போங்க. மேல இருக்கற பூச்சு போனா ஒரு வாரங்கூடத் தாங்காதுங்க."

பின்சீட்டுக் குரல்: "அயர்ன் போட்டு மடிக்கலீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. மூன்று வார முட்டை. கம்பெனியில் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நேரத்தில் இன்னொரு லீவு கிடைக்காது.

12.40க்குத் திருப்பூரில் ஒரு ரூபாய் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டில் என் மனைவி மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க செக்கிங்கைக் கம்பெனியோட வச்சுக்கிடக் கூடாதா?" பாதியை அவித்துத் தெருவுக்கே கொடுத்தாள். ஜெபா இரண்டு தின்றாள், குமட்டாமல். ஆனால் அடுத்த வாரத்துக்கு என்ன செய்வது?

மாலை 5.30. வாசலில் மொபெட் நின்றது. சரஸ்வதி அக்கா. கூடையில் கால் கட்டிய மூன்று கோழிகள், மூன்றும் முட்டையிடும் பருவம்.

"இனி மிச்சம் வெக்கற வேலையே இல்ல. போடப்போட எடுத்துச் சாப்பிடு கண்ணு," என்று ஒரு கோழியை ஜெபாவின் கையில் கொடுத்தார். "உங்கப்பா இதுகளையும் கழுவீறாமப் பாத்துக்க."