பிணை நின்றவன்

உடையார்கட்டில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் சைக்கிளில் திரிந்து ஓர் ஆராய்ச்சி. படித்தவர்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பது தலைப்பு. கேள்விக்கொத்தைக் கண்டதும் நிவாரணப் பதிவு என்று நினைத்துச் சனம் கதிரை போடும். ஆராய்ச்சி என்றதும் கதிரை உள்ளே போய்விடும்.

வன்னியைவிட்டு வவுனியாப் பக்கம் போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவர் அசைய முடியாது.

கொழும்பில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், இரண்டு மாதத்துக்குள் வந்து சேரும்படியும் எனக்குக் கடிதம் வந்தது. அன்று இரண்டு தரம் முகச்சவரம் செய்தேன். அதே கிழமைதான் என்னோடு அறையில் இருந்த கணித வாத்தியார் கேட்டான்.

"மச்சான், எனக்குப் பிணை நிக்கிறியே?"

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு கிழமை. மனுசிக்குக் கொழும்பில பிள்ளை பிறந்திட்டுது. முகத்தைப் பாத்திட்டு ஓடி வந்திடுவன்."

"திரும்பி வருவாய்தானே?"

"உன்ர ஆராய்ச்சிக் கேள்வியை என்னட்டைக் கேளாதை."

இருவரும் சிரித்தோம். 'போனால் திரும்பி வருவீர்களா?' என்ற அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் சொன்ன பதிலை 'ஓம்' என்றுதான் எழுதியிருந்தேன். அவற்றில் பாதி வீடுகள் இப்போது பூட்டிக் கிடந்தன. பதில் எப்படிப் போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனாலும் காணாத பிள்ளையைக் காணப் போகாதே என்று சொல்ல எந்தப் பொருளியலும் கைகொடுக்கவில்லை. கையெழுத்து வைத்தேன். பெரிய ஆள்போல அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

ஒரு மாதம் பொறுத்து, என் கடிதத்தோடு பாஸ் கொடுக்கும் இடத்துக்குப் போனேன்.

"உங்கட ஆள் இன்னும் வரேல்லை, மாஸ்ரர்."

"வருவார்."

"அப்ப, அவர் வந்தாப்பிறகு வாங்கோ."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு அவனிடமிருந்து பிள்ளையின் படம் வந்தது. 'நல்லகாலம், என்ர மூக்கு இல்லை' என்று பின்னால் எழுதியிருந்தான். வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவனுடைய கணித வகுப்பும் என் தலையில் விழுந்தது. கொழும்பில் சேரவேண்டிய கடைசி நாளில் கரும்பலகை முழுக்க ஒரு கணக்கைச் செய்து முடித்தேன்.

முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், ரெண்டாவது வரியிலேயே பிழை."

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?"

"நீங்கள் நல்ல சந்தோசமாச் செய்துகொண்டு நிண்டனீங்கள், சேர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னேரம் இதைச் சொல்லிச் சிரிக்க அறையில் ஆளில்லை.