சுவரில் துனிசியா

நான் வேலைக்குச் சேர்ந்த முதியோர் இல்லத்தில் பிளீச் மணம் மூக்கில் ஏறியதும், சிறுவயதில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட, ஜெர்மனியின் ஆஹென் அகதி முகாமில் எல்லாரும் சமைக்கும் குசினியின் சுவர் கண்ணில் வந்து நின்றது. பக்கத்து அறை சல்மா அக்கா அதில் கரியால் தன் நாடான துனிசியாவின் வரைபடத்தைக் கீறுவார். மேலே கடலும் துனிஸும், நடுவில் கைருவான், தெற்கே உப்பு ஏரி, கடைசியாக, ரோமர்கள் எரித்த கார்த்தேஜை அழுத்தி அழுத்தி. முகாமைப் பார்த்துக்கொண்ட கிளாவுஸ் பிளீச் வாளியோடு வந்து, சிரித்தபடி எல்லாவற்றையும் துடைப்பான்.

“அவனோடை கொழுவ ஏலாது, பேசாமல் இரு” என்பார் அம்மா என்னிடம்.

இப்போது அதே கிளாவுஸ் எழும்ப முடியாமல் இங்கே கிடக்கிறான். நான்தான் அவனுக்குத் தாதி. நேற்று அவன் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், அழியாத பெயின்டில், துனிசியாவைக் கீறி முடித்தேன்.

“அதைத் துடை” என்றான்.

“ஏலாது, கிளாவுஸ்” என்றேன்.