மேல்மாடி இறங்கிப் போன காலை

"ஏய், ஆடாதே! அடம்பிடிச்சே, அந்தரத்துலயே விட்டுட்டுச் சாப்பிடப் போயிடுவேன்!" என்று கொக்கியில் தொங்கும் இரும்புக் குழாய்க் கட்டைப் பார்த்து அதட்டிக்கொண்டிருக்கிறாள் எங்கள் கிரேன் டிரைவர். குழாய்களும் பெட்டிப்பாம்பாக அடங்குகின்றன. கிடங்கின் கூரையோரம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவதால் அவளுக்கு மேல்மாடி என்று பெயர். கீழே நின்று கை காட்டுகிறவன் நான். அவள் கொறிக்கும் வேர்க்கடலையின் தோல் பாதி என் தலையில்தான் விழும். கேட்டால், "ஹெல்மெட் எதுக்குக் குடுத்திருக்காங்கண்ணே?" என்பாள். வாய்க்கொழுப்பு!

மேல்மாடி இப்போது முழுகாமல் இருக்கிறாள். முந்தைய தடவை, பரிசோதனைக்குப் போனால் அந்த நாள் சம்பளம் போய்விடுமே என்று அடுத்த வாரம், அடுத்த வாரம் எனத் தள்ளிப்போட்டாள். அந்தக் குழந்தை தங்கவில்லை. எங்கள் முன்னால் அவள் அழவில்லை. குழாய்களைத் திட்டுவதை மட்டும் சில மாதம் நிறுத்தியிருந்தாள்.

இந்த வருடம்தான் கம்பெனியில் புது விதி வந்தது. கர்ப்பிணிகள் டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. முதல் போணி மேல்மாடிதான்! போன வாரம் ராணி மாதிரி இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"குழந்தையோட இதயத் துடிப்பு கேக்கலண்ணே. இன்னும் சின்னதா இருக்கலாம், அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. மறுபடியும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு லீவு கேக்கறது?"

இது எங்கள் சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. மனிதர் சிடுமூஞ்சி. சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிறவர். "கேக்கறதுக்கு என்ன இருக்கு? உன் நேரம், உன் சம்பளம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் போ. இந்தக் குழாய்க்கு என்ன காலா இருக்கு, ஓடிப்போக?" என்று எரிந்து விழுந்தார். அடடா, அவர் எரிந்து விழுந்ததை நான் ரசித்தது அன்றைக்குத்தான்.

இன்று காலை மறுபடி போனாள். கிடங்கில் யாருக்கும் வேலை ஓடவில்லை. லாரி டிரைவர் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கேட்டால், மழை வருமா என்று பார்க்கிறாராம்.

வந்துவிட்டாள்! "என்னம்மா ஆச்சு?" என்று ஓடினேன். தலையை ஆட்டிவிட்டு ஏணிப் பக்கம் நடந்தாள். அது நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா, ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினாள். சூப்பர்வைசர் மூச்சு விடுவதாகவே தெரியவில்லை.

கூண்டில் உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். மறு கையால் ஹாரனை அழுத்தினாள். பாம் என்று ஒன்று. உடனே இன்னொன்று. அப்புறம் விடாமல், குட்டிக் குட்டியாக, குதிரை ஓடுகிற வேகத்தில்.

"இப்படி அடிக்குதுண்ணே! இந்த வேகத்துல!" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். கன்னமெல்லாம் கண்ணீர். அதைத் துடைக்கக்கூட அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.