இடது கைப் பொம்பொலோனி

நஜீமாவைப் பார்த்துக்கொள்ள நான் சேர்ந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு இருந்தது, சிலிண்டர் இருந்தது, ரெகுலேட்டர் மட்டும் இல்லை. மகன் குத்புதீன் அதைக் கழற்றிச் சாரம் பகுதியிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன தாய் நெருப்போடு தனியாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். சாப்பாடு சாரத்திலிருந்து கேரியரில் வந்தது. இந்த முல்லா வீதி வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள நாளும் பார்த்துவிட்டார். மருமகள் ஸமீஹாவும் நல்ல பெண்தான். அத்தைக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள்.

நஜீமாவுக்கு அந்த அறை வேண்டாம். தன் அடுப்படி வேண்டும்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஓர் இத்தாலிக்காரம்மாள் விருந்தினர் இல்லம் நடத்திவந்தார். நஜீமா அங்கே வெகுகாலம் சமையலறையில் வேலை பார்த்தவர். அங்கே கற்றதுதான் பொம்பொலோனி. மைதா, முட்டை, பால், வெண்ணெய், ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, வட்டமாக வெட்டிப் பொரிப்பது. நடுவில் ஓட்டை கிடையாது. பொரித்ததும் சர்க்கரையில் புரட்டி வயிற்றுக்குள் கஸ்டர்டை நிரப்ப வேண்டும். அந்த அம்மாள் ஊருக்குப் போன பிறகு நஜீமா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே செய்து விற்றார். தெருவில் அதற்குப் பெயர் பொம்போண்டா.

நான் போன முதல் வாரமே என்னிடம் சொன்னார்: “ரஞ்சிதம்க்கா, எனக்குக் கை காலு புடிச்சு வுட்டது போதும். ஒரு கையால பொம்பொலோனி போடணும். அதுக்கு வழி பாருங்க.”

எனக்குக் கொடுத்த பயிற்சியில் ஒரு கையால் சட்டை மாட்டவும், சோறு பிசையவும் சொல்லிக்கொடுப்பது உண்டு. இது இல்லை. ஆனாலும் முயற்சி நோயாளியிடமிருந்து வரும்போது தடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நெருப்பில்லாமலே ஆரம்பித்தார். பாத்திரம் நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டு இடது கையால் பிசைந்தார். செயலிழந்த வலது கையைத் தூக்கிப் பாத்திர விளிம்பில் பாரமாக வைத்துக்கொண்டார். மாவு பொங்கிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலைதான் நான் அவருடைய கணுக்கால் வீக்கத்தை அப்படி அழுத்திப் பார்த்திருந்தேன். “பள்ளம் மெதுவா மேல வந்தா மாவு ரெடி. காலுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டார். காலுக்கு அது நல்லதில்லை, உப்பைக் குறையுங்கள் என்றேன்.

வெட்டிய மாவை ஒவ்வொன்றாகச் சின்ன வெண்ணெய்த்தாள் துண்டில் வைத்தார். தாளோடு தூக்கி வாணலியில் நழுவவிட்டால் எண்ணெய் தெறிக்காது, மாவும் நசுங்காது. வாணலியில் எண்ணெய்க்குப் பதில் பச்சைத்தண்ணீர். சொதசொதவென்று ஊறிப்போன மாவை நாள்தோறும் கொட்டினோம்.

நிரப்புவதில்தான் மாட்டிக்கொண்டார். கஸ்டர்ட் நிரப்பும் கூம்புப் பையைப் பிழிய இரண்டு கை வேண்டும். பையைக் கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். பேக்கரி பன்னில் தயிரை நிரப்பிப் பழகியதில் தயிர் முழுவதும் புடவையில். அன்று பாதியிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அலமாரியைக் காட்டி, ஆஸ்பத்திரிப் பையை எடுக்கச் சொன்னார். அதற்குள் பெரிய சிரிஞ்சு ஒன்று கிடந்தது. விழுங்க முடியாமல் கிடந்த நாட்களில் மூக்குக் குழாய் வழியாக அவருக்குக் கஞ்சி செலுத்தியது. நீண்ட முனை, அகலமான குழல். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டு மருந்துக்கடையில் புதிதாக வாங்கி வந்தேன். தண்டை உருவிவிட்டு, முனை கீழே இருக்கும்படி டம்ளரில் நிற்கவைத்து, மேலிருந்து கரண்டியால் தயிரைப் போட்டு, தண்டைத் திரும்பச் செருகினார். பன்னை இன்னொரு டம்ளரில் உட்காரவைத்து, குத்தி, இடது உள்ளங்கையால் தண்டை அழுத்தினார். தயிர் சுத்தமாக உள்ளே போனது.

உடனே மகனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ரெகுலேட்டரோடு வரச் சொன்னார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஓவர்டைம் என்றார் அவர். அப்படியானால் அடுத்த ஞாயிறு என்றார் இவர். கடைசியில் மகன் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: ஒருமுறை தன் எதிரில் செய்து காட்ட வேண்டும், நான் கை வைக்கக் கூடாது, தகராறு ஏதாவது ஆனால் ரெகுலேட்டரும் அம்மாவும் சாரத்துக்கு.

வந்தார், மாட்டினார். நான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நஜீமா முதலில் கஸ்டர்டைக் கட்டியில்லாமல் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்தார். பிறகு எண்ணெய். முதல் இரண்டு ஒழுங்காகப் பொங்கி மேலே மிதந்தன. மூன்றாவதில் தாள் மாவோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய்க்குள் போய்விட்டது. எண்ணெய் சடசடத்தது. தாளின் ஓரம் வாணலிக்கு வெளியே தீயைப் பார்த்து நீண்டிருந்தது.

குத்புதீன் பாய்ந்தார்.

“நில்லுடா” என்றார் நஜீமா, திரும்பாமல்.

இடது கை முதலில் அடுப்பின் குமிழுக்குப் போனது. தீ அணைந்தது. பிறகு ஜல்லிக்கரண்டியை எடுத்துத் தாளை வழித்துத் தட்டில் போட்டார். சடசடப்பு அடங்கும் வரை நின்றார். மறுபடி பற்றவைத்தார்.

இரண்டு கையும் நல்லபடியாக உள்ள எத்தனையோ பேர் அந்த நேரத்தில் எரியும் அடுப்பின் மேலேயே கையை விட்டு இழுப்பார்கள். வெந்த கைகளுக்குக் கட்டுப் போட்டவள் நான்.

குத்புதீன் ஓரடி பின்வாங்கினார். நஜீமா பொரித்ததைச் சர்க்கரைத் தட்டில் போட்டுத் தட்டைக் குலுக்கிப் புரட்டினார். பிறகு சிரிஞ்சை எடுத்தார். மகனுக்கு முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் இப்படியொன்றால் கஞ்சி ஏற்றியது அவர் கைதான்.

“இத ஏம்மா எடுத்த? பாத்தாலே வயித்த பெரட்டுது.”

“உனக்கு என்னடா பெரட்டுது? மூக்குல வாங்கினவ நானு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், கட்டியில்லாம இருந்தா இது நல்லாத் தள்ளும்னு.”

குத்தி, அழுத்தி, தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். குத்புதீன் நின்றபடியே ஒன்று தின்றார். கஸ்டர்ட் தாடியில் வழிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதைத் தின்று முடித்ததும் சிலிண்டர் பக்கம் குனிந்தார். கழற்றத்தான் போகிறார் என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“கையைக் கழுவிட்டுத் தொடு. சக்கர ஒட்டினா எறும்பு வரும்” என்றார் நஜீமா.

அவர் கழுவிவிட்டு வந்தார். ரெகுலேட்டரின் குமிழை மூடினார், திறந்தார், மூடினார்.

“ராவுல மறக்காம மூடிடு” என்று சொல்லிவிட்டு, ஸமீஹாவுக்கு நான்கு கட்டித் தரச் சொன்னார்.